சிவப்புப் பட்டனுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

அந்தப் பூங்காவில் ரோலர் கோஸ்டரை ஓட்டுகிறவளைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் பேனல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுகிறவள் என்றால் ஏதோ ஸ்டியரிங் பிடிக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். நடைமேடையை ஒட்டிய ஒரு சின்ன அறையில், பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். பேனலில் இருபத்துநாலு விளக்குகள், இருக்கைக்கு ஒன்று. மடிக்குக் குறுக்கே வரும் மடிக்கம்பியை இறக்கி, பூட்டு விழுந்தால், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இருக்கையின் விளக்கு எரியும். இருபத்துநாலும் எரிந்தால்தான் பச்சைப் பட்டன் வேலை செய்யும். பச்சையை அமுக்கினால் சங்கிலி ரயிலை மேலே இழுக்கும். உச்சிக்குப் போக ஐம்பத்திரண்டு விநாடி. அதற்குள் எது சரியில்லை என்று பட்டாலும் சிவப்பை அமுக்கினால் ரயில் அப்படியே நின்றுவிடும். உச்சியைத் தாண்டிவிட்டால் அப்புறம் சிவப்புப் பட்டன் வெறும் அலங்காரம்.

ஒன்பது வருஷமாக அவள் மாதத்துக்கு நாலைந்து தடவை சிவப்பை அமுக்கிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண்ணின் துப்பட்டா சக்கரத்துப் பக்கம் பறக்கும், எவனோ ஒரு வீரன் எழுந்து நிற்கப் பார்ப்பான். அமுக்குவாள், சரி செய்வார்கள், மறுபடி பச்சை. யாரும் அவளை ஏன் என்று கேட்டதில்லை.

பிறகு பூங்காவுக்குப் பாதுகாப்புத் துறை என்று ஒன்று வந்தது. அதுவரை பாதுகாப்பு எல்லோருடைய வேலையாகவும் இருந்தது. துறை வந்ததும் மற்றவர்களுக்கு அந்த வேலை போய்விட்டது.

துறையின் அதிகாரி நல்ல மனிதர்தான். தலை கலையாமல், சட்டை கசங்காமல், யார் வந்தாலும் எழுந்து நின்று பேசுவார். அவர் முதலில் செய்தது வாசலில் ஒரு பெரிய பலகை மாட்டியது. ‘நிறுத்தம் இல்லாத நாட்கள்’ என்று எழுதி, கீழே எண்ணை மாற்றுவதற்கு மூன்று தகடுகள். சிவப்புப் பட்டனை யாராவது அமுக்கினால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்டால் பூங்காவுக்குத் தலைமையகத்தின் பாதுகாப்புக் கேடயம்.

இதை விளக்க ஒரு வகுப்பு நடந்தது. ஊழியர்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார வைக்கப்பட்டார்கள். அது பயிற்சியின் பகுதி.

"சிவப்புப் பட்டனை எப்ப அமுக்குவோம்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆபத்து வந்தா சார்" என்றார்கள்.

"கரெக்ட். அப்ப அமுக்கினா ஆபத்து இருக்குன்னு அர்த்தம். அமுக்கலைன்னா?"

"ஆபத்து இல்லைன்னு அர்த்தம் சார்."

"அப்ப நம்ம பூங்காவுல ஆபத்தே இருக்கக் கூடாதுன்னா நாம என்ன பண்ணணும்?"

"அமுக்கவே கூடாது சார்!" என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட ஊழியர்களை அவர் வேறெங்கும் பார்த்ததில்லையாம்.

பேனல் அக்காவுக்கு மட்டும் புரியவில்லை. அவளுக்குக் கொஞ்சம் மந்த புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்ப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கணவனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "அப்ப நான் இனிமே பிரேக் போடாம ஓட்டுனா எனக்கும் ஒரு கேடயம் தருவாங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்றது?"

"அமுக்கு. வேலைதானே போகும்?"

"வேலைதானேன்னு சொல்லிட்டீங்க. ஒன்பது வருஷமா நான் உட்கார்ந்த நாற்காலிங்க அது."

அவன் அதற்கப்புறம் கிண்டல் பண்ணவில்லை.

பலகை வளர்ந்தது. நாற்பதாவது நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது: சிவப்பை அமுக்குவதற்கு முன் பாதுகாப்பு அதிகாரியைக் கைபேசியில் அழைத்து வாய்மொழி அனுமதி பெற வேண்டும். அவரை அழைத்தால் மணி அடிக்காது. குழந்தைகள் கூட்டமாக ‘பாதுகாப்பு எங்கள் மூச்சு, பாதுகாப்பு எங்கள் பேச்சு’ என்று பாடுவார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் அவர் எடுப்பார். பேனல் அக்கா கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். பாட்டு நாற்பத்தைந்து விநாடி. ரயில் உச்சிக்குப் போக ஐம்பத்திரண்டு. அனுமதி கேட்க, யோசிக்க, கொடுக்க, அமுக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு விநாடி மிச்சம்.

நூற்றுப்பத்தாவது நாள் கண்ணாடிப் பெட்டி வந்தது. சிவப்புப் பட்டனின் மேல் கவிழ்த்து, நாலு மூலையிலும் திருகி, ஒரு பூட்டும் போட்டார்கள். கனமான கண்ணாடி, சுலபத்தில் உடையாத ரகம். சாவி அதிகாரியிடம்.

"எதுக்கு சார் இது?" என்றாள்.

"ஏம்மா, இந்தப் பேனல்லயே முக்கியமான பட்டன் எது?"

"சிவப்பு சார்."

"முக்கியமான பொருளைத் தொறந்து போடுவாங்களா?" என்றார் அவர், அன்பாக.

இதற்கிடையில் பதினொன்றாம் எண் விளக்கு சேட்டை பண்ண ஆரம்பித்தது. நடைமேடையில் நன்றாக எரியும். ரயில் மேட்டில் ஏறிச் சாயும்போது ஒரு தடவை மினுக்கி, மறுபடி எரியும். பூட்டின் பல் தேய்ந்திருக்கிறது, சாய்வில் கம்பி நழுவப் பார்க்கிறது என்று அவளுக்கு உடனே பட்டது. பதிவு நோட்டில் எழுதினாள். ‘விளக்கு எண் 11 மினுக்குகிறது. பூட்டைப் பார்க்கவும்.’ மறுநாள் பக்கத்தில் பதில் இருந்தது: ‘விளக்கு மாற்றப்பட்டது.’ மறுபடி எழுதினாள். மறுபடி விளக்கு மாற்றப்பட்டது. மூன்றாவது தடவை அடிக்கோடு போட்டு எழுதினாள். மூன்றாவது தடவை உயர்ந்த ரக விளக்கு போட்டார்கள்.

மெக்கானிக் அண்ணனைக் கேட்டாள். அவர் ஸ்பேனரை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியாதாம்மா? பூட்டைக் கழட்டணும்னா ரயிலை ஒரு நாள் நிறுத்தணும். நிறுத்தினா பலகை பூஜ்யம். பூட்டுன்னு எழுதினா கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. விளக்குன்னு எழுதினா உடனே போடறாங்க. நான் என்ன செய்ய?"

அதற்குப் பிறகு பேனல் அக்கா பதினொன்றாம் இருக்கையில் யாரையும் உட்கார விடுவதில்லை. ஆள் இல்லாமல் கம்பியை இறக்கி, ஒரு பழைய துண்டைப் போட்டு, ஈரம் என்று சொல்லிவிடுவாள். பல மாதம் அந்த இருக்கை காயவே இல்லை.

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் வந்தது. தலைமையகத்திலிருந்து எம்.டி. வந்தார். பந்தல், மைக், நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. சிறப்பு ஓட்டம் முடிந்ததும் எம்.டி. தன் கையால் தகட்டை மாற்றுவது என்று ஏற்பாடு. முந்தின நாளே சுற்றறிக்கை வந்துவிட்டது: விருந்தினர்களின் மடிக்கம்பியை ஊழியர்கள் இழுத்துப் பார்க்கக் கூடாது, அது நம்பிக்கையின்மையைக் காட்டும்.

பாதுகாப்பு அதிகாரி பேசினார். "இந்த ஒரு வருஷத்துல இங்க எத்தனையோ நடந்திருக்கலாம். ஆனா எதுவும் பதிவாகலை. அதுக்குக் காரணம் எங்க ஊழியர்களோட கட்டுப்பாடு!" கைதட்டல்.

ஆறாவது வரிசையில்தான் போட்டோ நன்றாக விழுமாம். பன்னிரண்டில் எம்.டி. உட்கார்ந்தார். பதினொன்றிலிருந்து துண்டை எடுத்துப் போட்டுவிட்டு அதிகாரி உட்கார்ந்தார்.

பேனல் அக்கா ஓடி வந்தாள். "சார், அதுல வேண்டாம் சார். ஈரம்."

அவர் தடவிப் பார்த்தார். "காஞ்சுதாம்மா இருக்கு."

"பூட்டு சரியில்ல சார். நோட்டுல எழுதியிருக்கேன்."

"விளக்கு மாத்தியாச்சே?" என்றார். எம்.டி. திரும்பிப் பார்த்தார். அதிகாரி சிரித்தார். "ரொம்பப் பொறுப்பான பொண்ணு சார்."

பயணிகள் பையில் எதுவும் வைத்திருக்கக் கூடாது என்பது அவரே எழுதிய விதி. அதை அவர் மீறவில்லை. கைபேசியையும் சாவிக்கொத்தையும் நடைமேடை அலமாரியில் வைத்துப் பூட்டி, அலமாரிச் சாவியை ரப்பர் வளையத்தோடு மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். பேனல் அக்கா அறைக்குத் திரும்பினாள். மைக்கில் வழக்கம்போலச் சொன்னாள்: "எல்லாரும் கட்டை விரலைத் தூக்குங்க." இதுவும் அவர் எழுதிய விதிதான். ஒவ்வொரு பயணியும் விரலைத் தூக்கிச் சம்மதம் காட்டாமல் பச்சையை அமுக்கக் கூடாது. இருபத்துநாலு விரல்கள் எழுந்தன. இருபத்துநாலு விளக்குகளும் எரிந்தன. மறுக்க அவளிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. அமுக்கினாள்.

பத்தாவது விநாடியில் பதினொன்று மினுக்கியது. பதினைந்தில் அணைந்தது. அவள் காத்திருந்தாள். மறுபடி எரியவில்லை.

கைபேசியை எடுத்து அழைத்தாள். ஏன் அழைத்தாள் என்று கேட்காதீர்கள். ஒரு வருஷம் பழக்கினால் கை தானாகப் போகும். காதில் குழந்தைகள் பாட ஆரம்பித்தார்கள். முதுகுக்குப் பின்னால் அலமாரிக்குள் அதிகாரியின் கைபேசி துடித்துத் துடித்துத் தகரத்தைத் தட்டியது. இருபத்திரண்டு. அனுமதி கொடுக்க வேண்டியவர் மேட்டில் பாதி தூரம் ஏறிவிட்டார். கேமராவில் பார்த்தாள். மற்ற எல்லோரும் கையை மேலே தூக்கிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் இரண்டு கையாலும் கம்பியைத் தன் மடியோடு அமுக்கிப் பிடித்தபடி போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் கைபேசியை வீசினாள். கண்ணாடியை முஷ்டியால் குத்தினாள், ஒன்றும் ஆகவில்லை. முப்பது. மேஜைக்கு அடியிலிருந்த சாப்பாட்டு டப்பா ஞாபகம் வந்தது. எவர்சில்வர், மூன்று அடுக்கு, பிடியோடு. தூக்கி அடித்தாள். டப்பா நெளிந்தது. மறுபடி அடித்தாள். மூடி திறந்து மதியச் சாப்பாடு பேனல் முழுக்கச் சிதறியது. முப்பத்தொன்பது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, வாங்கும்போதே நல்லதாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே டப்பாவின் விளிம்பால் மூலைத் திருகைப் பார்த்து அடித்தாள். திருகு தெறித்தது. நாற்பத்தைந்து. பெட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அந்த இடுக்கில் கையை நுழைத்தாள், தோல் உரிந்தது, இரண்டு விரல் பட்டனைத் தொட்டது.

ரயில் நின்றது. முதல் பெட்டியின் மூக்கு உச்சியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே கூட்டம் கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள். நின்ற ரயிலில் மடிக்கம்பியைப் பயணியே தூக்க முடியாது. மெக்கானிக் அண்ணன் படியேறிப் போய் ஒவ்வொரு இருக்கையின் மிதிகட்டையையும் மிதித்துத் திறந்துவிட வேண்டும். நூற்றுமுப்பது படி. அவர் அறுபதாவது படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது எதிரே ஒருவர் இறங்கி வந்தார். சட்டை கசங்காத பாதுகாப்பு அதிகாரி. தலை மட்டும் கலைந்திருந்தது.

அன்று மாலை பலகையில் பூஜ்யம் தொங்கியது. மறுநாள் காலை விசாரணை. எம்.டி. நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் மனிதவள அதிகாரியும் மக்கள் தொடர்பு அதிகாரியும். குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன. அனுமதியின்றி நிறுத்தியது. பாதுகாப்புச் சாதனத்தைச் சேதப்படுத்தியது. பேனல் அறையில் உணவுப் பொருள் வைத்திருந்தது.

"ஏன் நிறுத்தினே?" என்றார் எம்.டி.

"விபத்து ஆகியிருக்கும் சார்."

"ஆச்சா?"

"இல்ல சார். நிறுத்திட்டேன்ல."

மனிதவள அதிகாரி பேனாவை மூடினார். "இங்கதாம்மா பிரச்சினை. நடக்காத விபத்தை நாங்க எப்படி ஆதாரமா எடுத்துக்க முடியும்? நடந்திருந்தா நாங்களே உன் பக்கம் நின்னிருப்போம்."

"சார்" என்றாள் அவள், அதிகாரியைப் பார்த்து. "மெக்கானிக் அண்ணன் மேல வர்றதுக்கு முன்னாடியே நீங்க எறங்கி வந்துட்டீங்க. உங்க கம்பியை யார் சார் தொறந்தது?"

அதிகாரி தன் மடியைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் எம்.டி. முந்திக்கொண்டார். "அது தலைமைப் பண்பு. முன்னால இருக்கறவர் முன்னால எறங்குவார். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

கடைசியில் எம்.டி.யே ஒரு வழி சொன்னார். அதே ரயில், அதே வரிசை, அதில் அதே இரண்டு பேர். இன்னொரு தடவை ஓட்டுவது. சரியாகப் போய்த் திரும்பிவிட்டால் அவள் சொன்னது பொய், இன்றோடு வீட்டுக்குப் போகலாம். முந்தின இரவே பெட்டிக்குப் புதுத் திருகும், பதினொன்றுக்குப் புது விளக்கும் போட்டாயிற்று. அது நாலாவது விளக்கு.

எம்.டி. பன்னிரண்டில் உட்கார்ந்தார். விசாரணைக்கு வந்த மற்ற இரண்டு அதிகாரிகளும் பின்னால்; மீதி இருக்கைகளில் ஆளில்லாமல் கம்பியை மட்டும் இறக்கியிருந்தார்கள். அதிகாரி பதினொன்றில் மெதுவாக உட்கார்ந்து, கம்பியை இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விளக்குகள் எல்லாம் எரிந்தன.

"கட்டை விரலைத் தூக்குங்க" என்றாள் பேனல் அக்கா.

மூன்று விரல்கள் எழுந்தன.

"பதினொண்ணாம் நம்பர், விரலைத் தூக்குங்க."

அதிகாரியின் கை கம்பியை விட்டு எழவில்லை.

"பச்சையைப் போடும்மா!" என்று கத்தினார் எம்.டி.

"சார் இன்னும் விரல் தூக்கல சார். விதி இருக்கு சார்."

எம்.டி. பக்கத்தில் திரும்பினார். "தூக்குய்யா."

அதிகாரியின் வலது கை கம்பியிலிருந்து அரை அங்குலம் எழுந்தது. பேனல் அக்காவின் விரல் பச்சைக்கு மேலே நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவளை நேராகப் பார்த்தார். கை மறுபடி கம்பிக்கே போயிற்று.

"சார்... எனக்கு வயிறு சரியில்ல சார்" என்றார். சொல்லிவிட்டுக் கம்பியைத் தூக்கினார். பூட்டிய கம்பி. அது ஜன்னல் கதவு போலத் திறந்துகொண்டது.

எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எம்.டி. பதினொன்றில் வேறு யாராவது உட்காரலாம் என்றார். மனிதவள அதிகாரிக்கு முழங்கால் வலி. மக்கள் தொடர்பு அதிகாரிக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது, இவ்வளவு நாள் யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். எம்.டி.க்கும் அப்போதுதான் ஒரு முக்கியமான அழைப்பு ஞாபகம் வந்து இறங்கிவிட்டார். முடிவில் ஒரு மணல் மூட்டையைக் கொண்டுவந்து பதினொன்றில் உட்கார வைத்தார்கள். அதிகாரியின் எடை எழுபத்திரண்டு கிலோ என்பதால் மூட்டையும் எழுபத்திரண்டு கிலோ. மூட்டைக்கு விரல் இல்லாததால் அந்த விதியிலிருந்து அதற்கு மட்டும் விலக்கு அளிப்பதாக அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மூட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு ரயில் போனது. மேட்டில் பதினொன்று அணைந்தது. உச்சி தாண்டியது. முதல் இறக்கத்தில் கம்பி தூக்கிக்கொள்ள, மூட்டை எழுந்து, கொஞ்ச தூரம் ரயிலோடு கூடவே பறந்து வந்து, பிறகு மனசை மாற்றிக்கொண்டு கீழே போய் வரிசைத் தடுப்புக் கம்பிகளின் மேல் விழுந்து வெடித்தது. சாதாரண நாளில் அங்கே நூறு பேர் நிற்பார்கள்.

பிறகு எம்.டி. தொண்டையைச் செருமினார்.

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"இல்ல சார்."

"ரயில் எங்கயாவது நின்னுச்சா?"

"இல்ல சார்."

"அப்ப இன்னைக்கு நிறுத்தம் இல்லாத நாள். பலகையில ஒண்ணு போடுங்க."

அறிக்கையும் அன்றே தயாரானது. இருக்கை எண் பதினொன்றின் மேல் தொடர்ந்து புகார்கள் வருவதால் அந்த எண் நீக்கப்படுகிறது, இனி அது பத்து-ஏ என்று வழங்கப்படும். பேனல் அக்காவுக்குக் கடுமையான எச்சரிக்கை. வேலை தப்பியது. ஓட்டம் நாளை முதல் வழக்கம்போல.

எல்லோரும் கிளம்பிய பிறகு பாதுகாப்பு அதிகாரி பேனல் அறைக்கு வந்தார். சிந்திய மணலை மிதித்து வந்ததில் காலணியெல்லாம் மணல். பையிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார். "சாவி வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து. மூணு காப்பி."

அவள் மூன்றிலும் போட்டாள்.

மறுநாள் காலை முதல் ஓட்டத்துக்கு ரயில் நிறைந்துவிட்டது. பத்து-ஏ இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள், தோழிகளுக்குக் கையசைத்துக்கொண்டு. துண்டு போட அனுமதியில்லை. ஈரம் என்று சொல்லவும் தடை. பூட்டு மாறவில்லை. விளக்குகள் இருபத்துநாலும் பளிச்சென்று எரிந்தன, விரல்களும் எழுந்தன. பேனல் அக்கா சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்தாள். பச்சையின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. நின்ற ரயிலை நிறுத்தினாள். சிவப்பை அமுக்கிவிட்டு, மைக்கில் சொன்னாள்: "இந்த ரயில் இன்னைக்குப் போகாது. பூட்டு மாத்துற வரைக்கும் போகாது. எல்லாரும் எறங்கிக்கோங்க."

சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்து போய், யாரும் சொல்லாமலே தகட்டைக் கழற்றிப் பூஜ்யத்தை மாட்டினாள். பாதுகாப்பு அதிகாரி தன் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவளைத் தடுக்க வரவில்லை. தலைமையகத்தை அழைக்கக் கைபேசியையும் எடுக்கவில்லை.

இறங்கின இருபத்துநாலு பேரும் அவளைத் திட்டிக்கொண்டே வெளியே போனார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவர்கள், திட்டாமல் என்ன செய்வார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியது பத்து-ஏ பெண்தான். கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, பஸ் ஏறுகிற வரைக்கும் அவள் குரல் கேட்டது. பேனல் அக்கா பலகைக்குக் கீழே நின்று, கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள்.